தறியில் பிறந்த கலை

1919ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வைமார் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியை நிறுவிய வால்டர் குரோப்பியஸ், கலைஞர்க்கும் கைவினைஞர்க்கும் அடிப்படை வேற்றுமை இல்லை என அறிவித்தார். ஆயினும், அங்குச் சேர்ந்த மகளிருள் பெரும்பாலோர் நெசவுப் பிரிவிற்கே அனுப்பப்பெற்றனர். ஓவியத்தினும் நெசவு தாழ்ந்தது என்னும் பழைய எண்ணம் அப்பள்ளியையும் விட்டிலது.

எனினும், அக்கொள்கைக்குச் சிறந்த சான்றாவது அந்நெசவே என்பது நம் துணிபு. ஆனி ஆல்பர்ஸ் 1930இல் பெற்ற பட்டயத்திற்கென நெய்த சுவர்த்துணியை நோக்குவோம். பெர்னாவ் தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கிற்காக அமைந்த அத்துணியின் ஒருபுறம் எதிரொலியை அடக்கிற்று. செல்லோபேன் இழை கலந்த மறுபுறம் ஒளியைத் திருப்பிற்று. இங்கு அழகு பயனின்மேல் பூசப்பட்டதன்று. இழைகளின் சேர்க்கையிலேயே தோன்றியது. இதனை வெறும் ஒப்பனை என ஒதுக்குவார், துணியைக் கண்டாரேயன்றி நெசவைக் கண்டாரல்லர்.