உம்மம்மாவின் சோற்றுத் தட்டு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாலமுனையிலும் அதை அடுத்த கரையோர ஊர்களிலும் முஸ்லிம்களிடையே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவதும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவதும் வழக்கம். அதனால் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் உம்மம்மாவின், அதாவது தாயின் தாயின், கண்பார்வையிலேயே வளர்கிறார்கள். அவர்களுடைய முதல் மார்க்கப் பாடசாலை சோற்றுத் தட்டுத்தான் என்பது என் எண்ணம். வலது கையால் உண், உன் பக்கத்திலிருந்து எடு, இறைவன் பெயரால் தொடங்கும் பிஸ்மி சொல். சொல்ல மறந்துவிட்டாலும் குற்றமில்லை. நினைவு வந்த இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். தவறியவனுக்கும் திரும்பும் வழி உண்டு என்ற பெரிய இறையியலை நான்கு வயதுப் பிள்ளை கறியோடு பிசைந்து விழுங்கிவிடுகிறது.

இது வெறும் பழக்கம், விளக்கம் மதரசாவில்தான் கிடைக்கும் என்பார்கள். விளக்கம் அங்கே கிடைப்பது உண்மை. ஆனால் விளக்கம் வந்து ஒட்டிக்கொள்ள ஒரு அனுபவம் முன்பே இருக்கவேண்டுமே. கீழே விழுந்த கவளத்தைத் தூசு தட்டி உண்ணச் சொல்வது வறுமையின் சிக்கனம்தான் என்றும் வாதிடலாம். சிக்கனம் மட்டுமானால் அதைக் கோழிக்குப் போட்டாலும் போதும். பரக்கத், அதாவது இறையருள், எந்தப் பருக்கையில் இருக்கிறதென்று தெரியாது என்ற நபிமொழியின் பணிவு அதில் இருக்கிறது.

கிறிஸ்தவ வேதத்திலும் பவுல், தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடம் குடியிருந்தது என்று பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார். அவள் என்ன சமைத்தாள் என்பதை அவர் எழுதவில்லை.