நாலு வாரக் கணக்கும் பழைய ஞாபகமும்: 2025 கோடைப் படங்கள் பற்றிச் சில குறிப்புகள்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 'குட் பேட் அக்லி' தியேட்டருக்கு வந்தது ஏப்ரல் 10, நெட்ஃபிளிக்ஸில் வந்தது மே 8. 'ரெட்ரோ' மே 1, ஓடிடியில் மே 31. அதே மே 1-ல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஜூன் 2-ல் ஜியோ ஹாட்ஸ்டாருக்குப் போனது. 'தக் லைஃப்' ஜூன் 5-ல் ரிலீஸ். எட்டு வாரம் கழித்துத்தான் ஓடிடி என்று முன்னாடியே பெருமையாகச் சொல்லியிருந்தார்கள். ஜூலை 3-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது.

ஆக, பெரிய படமோ சின்னப் படமோ, ஓடினதோ ஓடாததோ, எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய நாலு வாரம்தான் ஆயுள். இந்தக் கோடையில் வந்த படங்கள் ஏன் இப்படி இருந்தன என்று கேட்டால், நடிகர், இயக்குநர் பெயர்களை விட இந்த நாலு வாரம் அதிகம் விளக்குகிறது என்று நினைக்கிறேன்.

எப்படி என்று சொல்கிறேன். நாலு வாரத்தில் வீட்டுக்கே வரப்போகிற படத்துக்கு யார் தியேட்டருக்கு அவசரமாக வருவார்கள்? ரசிகர்கள் வருவார்கள், முதல் மூன்று நாளில். அந்த மூன்று நாளில் போட்ட காசை எடுக்க வேண்டும் என்றால், புதுசாக ஒன்றைச் சொல்லி, அது மெதுவாக ஊரெல்லாம் பரவட்டும் என்று காத்திருக்க முடியாது. பார்க்கிறவனுக்கு ஏற்கெனவே தெரிந்த, ஏற்கெனவே பிடித்த ஒன்றைத்தான் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஞாபகம். இந்தக் கோடையில் நாம் அதிகம் காசு கொடுத்து வாங்கிய சரக்கும் அதுதான். 2005-ல் வந்த 'சச்சின்' படத்தை ஏப்ரல் 18-ல் மறுபடி ரிலீஸ் செய்தார்கள், கூட்டம் வந்தது. பழைய படத்தை அப்படியே விற்கலாம் என்றால், புதுப் படத்துக்குள் பழைய படத்தை வைத்தும் விற்கலாம்தானே?

'குட் பேட் அக்லி' செய்தது அதைத்தான். ஆதிக் ரவிச்சந்திரன் அஜித்தின் தீவிர ரசிகர். அதை அவர் மறைக்கவும் இல்லை. மகனுக்காகக் கத்தியைக் கீழே போட்ட தாதா, மகனுக்கு ஆபத்து என்றதும் மறுபடி எடுக்கிறான், இதுதான் கதை. ஆனால் படம் இந்தக் கதையில் ஓடவில்லை. 'அமர்க்களம்', 'பில்லா', 'மங்காத்தா' என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு பழைய அஜித் எட்டிப் பார்க்கிறார், தியேட்டர் எழுந்து நிற்கிறது. நானும் இரண்டு இடத்தில் விசிலடித்தேன். பொய் சொல்வானேன்.

ஆனால் படம் முடிந்து யோசித்தால், அந்த விசில் இந்தப் படத்துக்கு விழுந்தது இல்லை. சரண் எடுத்த படத்துக்கும், வெங்கட் பிரபு எடுத்த படத்துக்கும் விழுந்தது. பாட்டிலும் அதே கதை. இளையராஜாவின் மூன்று பழைய பாடல்களை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், அனுமதி கேட்கவில்லை என்று அவர் ஏப்ரலிலேயே நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி யார் சரி என்பது கோர்ட் பார்க்க வேண்டிய விஷயம். ரசிகனாக எனக்குத் தோன்றுவது வேறு: தியேட்டர் அதிர வேண்டிய இடத்தில் புதிதாக ஒரு மெட்டு போட்டு அதிர வைக்க முடியும் என்ற நம்பிக்கை அந்தப் படத்துக்கு இல்லை.

'ரெட்ரோ'வின் சங்கடம் வேறு மாதிரி. பெயரிலேயே பழைய காலம் இருந்தாலும் கார்த்திக் சுப்புராஜ் வெறும் ஞாபகத்தை விற்கிறவர் இல்லை. சிரிக்கத் தெரியாத ஒருத்தன், அவனை வளர்த்த தாதா, அவன் விரும்பும் பெண். முதல் அரை மணி நேரத்தில் இந்த மூன்றையும் அவர் கட்டி எழுப்பும் விதம் அபாரம். கல்யாண வீட்டில் பாட்டு, பேச்சு, அடிதடி எல்லாவற்றையும் ஒரே ஷாட்டில் எடுத்திருக்கிறார். 'கனிமா' பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்த தியேட்டர் அப்படியே சண்டைக்குள் வழுக்கி விழுகிறது. இந்தக் கோடையில் பெரிய திரைக்கென்றே எடுத்த காட்சி என்று எனக்குத் தோன்றியது இது ஒன்றுதான். அதற்கப்புறம் கதை ஒரு தீவுக்குப் போகிறது. அடிமைகள், மல்யுத்தம், பிறப்பு ரகசியம், அவதாரம். சிரிக்காதவன் சிரிப்பானா என்று காத்திருந்த நமக்கு, இவன் ஒரு ஜனத்தையே மீட்க வந்தவன் என்று சொல்கிறார்கள். ஒரு மனிதனாக இருந்தவரைக்கும் அவன்மேல் அக்கறை இருந்தது. அவன் ரட்சகன் ஆனதும் நான் வாட்சைப் பார்த்தேன்.

'தக் லைஃப்' பற்றி எல்லோரும் திட்டித் தீர்த்தாகிவிட்டது. 1987-ல் 'நாயகன்', 38 வருஷம் கழித்து அதே கமல், அதே மணிரத்னம், பெயர் கூட சக்திவேல் நாயக்கர். இவர்களே ஒப்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒப்பிடாதீர்கள் என்றால் எப்படி?

சரி, ஒப்பிட்டே பார்ப்போம். இரண்டு படத்திலும் விதை ஒன்றுதான்: நாயகனால் அப்பாவை இழந்த ஒரு பையன். 'நாயகன்' படத்தில் வேலு நாயக்கர் கொன்ற போலீஸ் அதிகாரியின் மகன் அவர் ஆதரவிலேயே வளர்கிறான். கடைசியில் அவன் கையால்தான் அவருக்குச் சாவு. அந்தப் பையன் திரையில் வருவதே கொஞ்ச நேரம். ஆனால் படத்தின் தர்மக் கணக்கு முழுக்க அவன்மேல் நிற்கிறது. 'தக் லைஃப்' அந்தப் பையனையே இரண்டாவது நாயகனாக்குகிறது. பழைய டெல்லியில் ஒரு துப்பாக்கிச் சண்டை, நடுவில் சிக்கிச் செத்துப்போகும் அப்பா, தங்கையைத் தொலைத்த சிறுவன், அவனைத் தூக்கி வளர்க்கும் சக்திவேல். எவ்வளவு நல்ல யோசனை! வளர்த்தவன்மேல் பாசமும் வேண்டும், பழியும் வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒருத்தன் என்ன ஆவான்? சிம்புவுக்கு அது வாழ்நாள் வேஷம். ஆனால் அந்த மனப் போராட்டத்துக்குப் படம் நேரமே ஒதுக்கவில்லை. பனிமலையில் விழுந்த சக்திவேல் பிழைத்து, சண்டைக்கலை கற்று, பழிவாங்கத் திரும்புகிறார். அமரன் பக்கம் இருந்த கேள்வி அப்படியே காணாமல் போகிறது. த்ரிஷாவின் இந்திராணியோ இரண்டு ஆண்களுக்கு நடுவில் கைமாறும் சொத்து மாதிரி எழுதப்பட்டிருக்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு காட்சியாவது கேட்டிருக்கலாம். ரஹ்மானின் 'முத்த மழை' ஊரெல்லாம் ஒலித்தது, தியேட்டருக்குப் போனால் படத்தில் அந்தப் பாட்டே இல்லை.

இடையில் 'டிடி நெக்ஸ்ட் லெவல்' என்று சந்தானம் படம் ஒன்று. சினிமா விமர்சகர்களைப் பழிவாங்கும் ஆவி, செல்வராகவன் அந்த ஆவி. காமெடி பாதி வேலை செய்கிறது. எனக்கு அதைவிட அந்தக் கோபம் சுவாரசியமாகப் பட்டது. 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் சிலர், முதல் மூன்று நாள் ஆன்லைன் விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. பாருங்கள், அங்கேயும் மூன்று நாள். நாலு வாரக் கணக்குக்கு உள்ளே இருக்கிற கணக்கு அது. படத்தைப் பற்றி நாலு பேர் வாய் திறப்பதற்குள் வசூல் முடிந்துவிட வேண்டும் என்கிற பயம்.

இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கியது 'டூரிஸ்ட் ஃபேமிலி'. புது இயக்குநர் அபிஷன் ஜீவிந்த். விற்பதற்குப் பழைய ஞாபகம் எதுவும் கையில் இல்லை. அதே நாளில் எதிரே சூர்யா படம். வாய்வழிப் பேச்சிலேயே வளர்ந்தது, காட்சிகள் கூடிக்கொண்டே போயின. கடலைத் தாண்டி ராமேஸ்வரத்தில் வந்திறங்கும் ஒரு ஈழத்துக் குடும்பம், சென்னைக் காலனி ஒன்றில், நாங்கள் இலங்கை என்று வெளியே சொல்லாமல் வாழப் பார்க்கிறது. கவனித்தீர்களா, மற்ற படங்களில் எல்லோரும் பழசை எடுத்து எடுத்துக் காட்டுகிறார்கள். இதில் மட்டும் பழசை மறைத்தால்தான் சோறு. வாயைத் திறந்தால் மொழி காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கோடையில் சிம்ரனை இரண்டு படத்தில் பார்த்தோம். 'குட் பேட் அக்லி'யில் அவர் வெறும் ஞாபகம், 'வாலி' காலத்து நாயகி வந்து போகிறார், கைதட்டுகிறோம். இங்கே அவர் வசந்தி. இரண்டு பிள்ளைகளின் அம்மா, சமையற்கட்டில் நின்றுகொண்டு பயத்தை விழுங்கும் ஒரு மனுஷி. ஒரு நடிகைக்குச் சினிமா செய்யக்கூடிய மரியாதை எது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தப் படத்தை முழுசாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. காரணம், அது ரொம்ப நல்ல படமாக இருப்பதுதான். காலனியில் எல்லோரும் கடைசியில் நல்லவர்கள். ஒரு போலீஸ்காரர் மனம் இரங்கி விட்டுவிடுகிறார், அதனால்தான் கதையே நகர்கிறது. நிஜத்தில் என்ன நடக்கிறது? இலங்கைப் பொருளாதாரம் சரிந்த பிறகு 2022 மார்ச் முதல் தனுஷ்கோடியில் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாமுக்குப் போனார்கள். முகாம்களுக்கு 2021-ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், நல்லது. ஆனால் பெயர் மாறினால் குடியுரிமை வராது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்கிறது, இலங்கையைச் சொல்லவில்லை. படம் தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோதே, மே 19-ல், ஒரு இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசாலை இல்லை என்ற பொருளில் சொன்னது. தர்மதாஸ் என்று நாயகனுக்குப் பெயர் வைத்த படத்துக்கு நாம் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில்!

அண்டை வீட்டுக்காரன் நல்லவனாக இருந்தால் போதும் என்கிறது படம். போதாது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: இந்தக் குறையைப் பேச வைத்ததே இந்தப் படம்தான். மற்ற படங்களைப் பற்றிப் பேசினால் பேச்சு முந்தைய படங்களுக்குப் போகிறது. இதைப் பற்றிப் பேசினால் மண்டபத்துக்குப் போகிறது.

எனவே கோடையின் கணக்கை இப்படி முடிக்கிறேன். திரும்பப் பார்க்க: 'ரெட்ரோ'வின் முதல் அரை மணி நேரம். வருத்தப்பட: 'தக் லைஃப்' அமரன். விசிலோடு மறக்க: 'குட் பேட் அக்லி'. வீட்டில் உட்கார்ந்து சண்டை போட்டுப் பேச: 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அடுத்த தடவை ஒரு சின்னப் படம் வந்தால், முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். நாலு வாரம் நமக்கு நீளம். அந்தப் படத்துக்கு அவ்வளவுதான் ஆயுள்.