பூதத்தின் பெயரும் மனிதரின் பொறுப்பும்

நாட்டார் கதைகளில் வரும் கொடிய பூதங்களை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. அவை எந்த அச்சத்திலிருந்து பிறந்தன, யாருடைய குற்றத்தை மறைத்தன என்று வினவுவதே திறனாய்வின் பணியாகும்.

ஸ்காட்லாந்தின் வடக்கேயுள்ள ஓர்க்னித் தீவுகளில் நக்கலாவீ என்னும் கடற்பூதத்தின் கதை வழங்கிவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்டர் டிரெயில் டென்னிசன் அதைப் பதிவு செய்தார். குதிரையும் மனிதனும் ஒன்றாய் ஒட்டிய, தோலற்ற உருவம். அதன் மூச்சுப்பட்டால் பயிர் கருகும், கால்நடை மடியும். கடற்பாசியை எரிக்கும் புகையே அதன் சினத்தை மூட்டிற்று என்பர். 1722இல் ஸ்ட்ரான்சேத் தீவில் கடற்பாசியைச் சாம்பலாக்கும் தொழில் தொடங்கியது. கண்ணாடிக்கும் சவர்க்காரத்துக்கும் வேண்டிய காரம் அச்சாம்பலிலிருந்து கிடைத்தது. நிலக்கிழார்கள் செல்வம் ஈட்டினர். எரித்தவர்கள் புகையில் நின்றனர். குதிரைகளை மாய்த்த நோயைப் பூதத்தின் பழிவாங்கல் என மக்கள் நம்பினர்.

இக்கதையின் வலிமையும் குறையும் இங்கேதான் உள்ளன. புகைக்கும் கேட்டிற்கும் தொடர்புண்டு என்று மக்கள் உணர்ந்திருந்தனர். ஆயினும் கதைக்குள் பூதம் நுழைந்தவுடன் நிலக்கிழார் நழுவிவிட்டார்.

நம் சதுப்பு நிலங்களின் கொள்ளிவாய்ப் பிசாசும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. ஆனால் இன்றைய வடசென்னையின் அச்சங்கள் வேறு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கழிமுகத்தை மூடியது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. இவற்றுக்கு எவரும் பிசாசைக் காரணம் காட்டுவதில்லை. ஆனால் 'விபத்து' என்றும் 'விதி' என்றும் சொல்லி அமைகிறோம். பூதம் செய்த வேலையை இன்று இச்சொற்கள் செய்கின்றன.

இஸ்லாமிய நோக்கு இதற்கு இடந்தரவில்லை. ஜின்னைப் 'பூதம்' என்று மொழிபெயர்ப்பதே பிழை. அவர்களுள் நல்லோரும் தீயோரும் உண்டு என்றும், அவர்களும் கேள்வி கணக்கிற்கு உரியோர் என்றும் திருமறை அறிவிக்கிறது. மறுமையில் ஷைத்தானே, தான் அழைத்ததன்றி வேறு அதிகாரம் தனக்கு இருக்கவில்லை என்றும், தன்னையன்றி உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்றும் கூறுவதாக இப்ராஹீம் அத்தியாயம் (14:22) உணர்த்துகிறது. நிலத்திலும் கடலிலும் தோன்றிய சீர்கேட்டிற்கு மனிதரின் கைகளே காரணம் என்பது அர்ரூம் அத்தியாயத்தின் (30:41) எச்சரிக்கை. விதியை நம்புவது ஈமானின் பகுதி. விதியைச் சொல்லி அநீதி செய்தவனை விடுவிப்பது அன்று.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) நமக்கு ஏன் முக்கியமானது என்பது இங்கே விளங்கும். ஊராரின் அச்சத்தை மட்டும் காட்டி அவர் நின்றுவிடவில்லை. அந்த அச்சத்தில் பிழைத்தவரையும், அதைத் துணையாகக் கொண்டு ஆண்ட செல்வரையும் பெயரும் முகமும் தந்து நிறுத்தினார். இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கடலோரத்தின் கதையை எழுதப் புகுவோர் அங்கிருந்து தொடங்க வேண்டும். புகையை எழுதுவது போதாது; அடுப்பு யாருடையது என்பதையும் எழுத வேண்டும்.