உமறுவின் பிணைமானும் உயிர்களின் உள்ளமும்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய மாலை. குர்பானிக்கெனக் கட்டப்பட்டிருந்த ஆட்டுக்குத் தழை நீட்டிக்கொண்டிருந்த மாணவனொருவன், "ஹஜ்ரத், நாளைக்கு என்ன நடக்கப்போவுதுன்னு இதுக்குத் தெரியுமா?" என்று எம்மை வினவினான். சிறு வினாதான், ஆயினும் ஜோலார்பேட்டையில் வாழும் எமக்கு அது எளிய வினாவன்று. வாணியம்பாடியும் ஆம்பூரும் அண்டையிலிருக்க, தோலை நம்பி உலையேற்றும் குடும்பங்கள் நிறைந்த நிலப்பகுதி இது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலையும் குரோமியத்தில் பதனிட்ட தோலையும் தொட்ட அளவிலேயே தரம்கூற வல்லார் நம்முள் பலர். அத்தோலுக்குள் ஒருகாலத்து இருந்த உணர்வு எத்தகையது என்று கேட்டோர் சிலரே. அச்சிறுவன் கேட்டுவிட்டான்.

அவனுக்கு விடைகூறத் தொடங்குமுன் யாம் நாடிச் சென்றது சீறாப்புராணத்தை. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களால் யாத்தளித்த அக்காப்பியத்தின் நுபுவ்வத்துக் காண்டத்தில், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்றொரு பகுதி உண்டு. வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான் அண்ணல் நபி (ஸல்) அவர்களைக் காண்கிறது. பாலுக்கு ஏங்கும் தன் கன்றை நினைத்து முறையிடுகிறது. பாலூட்டித் திரும்பி வர விடை வேண்டுகிறது. காட்டுக்குள் போன விலங்கு மீள்வதுண்டோ என ஐயுறும் வேடனுக்கு நாயகமே பிணையாகி நிற்கின்றார்கள். மான் செல்கிறது. "போகாதே" என இனம் தடுத்தும் கேளாது, கன்றும் உடன்வரத் திரும்புகிறது. வேடன் ஈமான் கொள்கிறான். மான் விடுதலை பெறுகிறது.

நம் மேடைகளில் இப்படலம் முஃஜிஸாத்தாக மட்டுமே விளக்கப்படுவதைக் கேட்டு வருகிறோம். மானைப் பேசவைத்தது நபித்துவத்தின் அற்புதம். ஆகவே மானிடம் தனக்கென ஒன்றுமில்லை. காற்று புகுந்ததால் ஒலித்த குழல் அது என்பார்கள். இவ்வுரை பக்தியில் குறைவற்றது. ஆனால் பாவலனைச் சரியாகப் படித்த உரையன்று என்பது எமது துணிபு.

காரணம் கூறுவோம். படலத்தின் அமைப்பை உற்று நோக்குக. மானின் நாவில் சொல் பிறக்குமுன்னரே அதன் நெஞ்சில் துயர் பிறந்துவிட்டது. வலையின் அச்சம், இனத்தைப் பிரிந்த தவிப்பு, கன்றின் நினைவு ஆகிய இவற்றுள் ஒன்றையேனும் புலவர் அற்புதத்தால் விளைந்ததாகக் காட்டினாரல்லர். முன்னரே இருந்தவற்றுக்கு அற்புதம் மொழியை மட்டும் ஈந்தது. முஃஜிஸாத் நாவுக்கு வந்தது, நெஞ்சு மானுடையதே. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டால், படலத்தின் இரக்கம் முழுவதும் பொய்யாகிவிடும். உள்ளமற்ற ஒன்றுக்காகவா எம்பெருமானார் பிணை நின்றார்கள்?

இக்கருத்து உமறு தாமே புனைந்ததுமன்று. அவர் இரு மரபுகளின் வாரிசு. ஒன்று தமிழ் மரபு. தொல்காப்பிய மரபியல் புல்லும் மரமும் ஓரறிவின எனத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, விலங்கினை ஐயறிவிலும், மனமென்னும் ஆறாவதனைப் பெற்ற மக்களை அதன் மேலும் நிறுத்துகிறது. ஆயின் ஆறாம் படியின் வாயிலை அது முற்றாக அடைத்துவிடவில்லை. விலங்கினுள்ளும் ஒருசாரன அவ்வினத்தவாம் எனக் கொள்ள இடம் வைத்தது. உரைகாரர் யானை, குரங்கு முதலியவற்றை அங்கு எண்ணினர்.

மற்றொன்று அரபு மரபு. 1037இல் மறைந்த இப்னு சீனா, ஓநாயைக் கண்ட ஆடு ஓடுவது ஏன் என்று வினவினார். கண் காண்பது நிறத்தையும் வடிவத்தையுமே. பகைமைக்கு நிறமுமில்லை, வடிவமுமில்லை. கண்ணால் காணவியலாத அப்பகைமையை ஆடு உணர்கிறதெனின், ஐம்புலனுக்கு அப்பாலும் அதனுள் ஓர் ஆற்றல் இருத்தல் வேண்டும். அதற்கு 'வஹ்மு' எனப் பெயரிட்டார். மனிதனுக்கே உரியதெனப் பொதுவை அறியும் 'அக்லு'வைத் தனியே வைத்தார். எமது மாணவனின் வினாவுக்குப் பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாகத் திருமறை. பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற உம்மத்துகளே என்று அன்ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. நம்ல் அத்தியாயத்தின் எறும்பு ஆபத்தை முன்னுணர்ந்து தன் இனத்தை எச்சரிக்கிறது. சுலைமான் நபி (அலை) அவர்கள் அறியாததைத் தான் அறிந்து வந்ததாக ஹுத்ஹுத் பறவை உரைக்கிறது. மான் பற்றிய அறிவிப்பின் தொடரில் ஹதீஸ் கலை வல்லார் சிலர் ஐயம் எழுப்பியுள்ளமை உண்மையே. ஆனால் அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒட்டகத்தின் செய்தியை எங்ஙனம் மறப்பது? கண்ணீர் வடித்த ஒட்டகத்தைத் தடவி அமைதிப்படுத்தி, பட்டினி போட்டு ஓயாது வேலை வாங்குவதாக அது முறையிட்டதென உரியவரிடம் நாயகம் எடுத்துரைத்தார்கள்.

இனி, உமறுவிடம் யாம் காணும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. கன்றுக்கு ஏங்கும் மானை நம்புகிறோம். ஆனால் தந்த வாக்குக்காகவும் நபிகளின் பிணைக்காகவும் இனத்தின் தடையை மறுத்துத் திரும்பும்போது, அது மானென்னும் எல்லையைக் கடந்துவிடுகிறது. வாக்கு என்பது அமானத். வானமும் பூமியும் மலைகளும் ஏற்க அஞ்சிய அச்சுமையைச் சுமந்தவன் மனிதன் என்கிறது மறை. தக்லீஃப் இல்லாத உயிர்மீது தக்லீஃபின் பாரத்தைப் புலவர் ஏற்றிவிட்டார். அவ்விடத்தில் மான் பேசவில்லை. மான் வடிவில் ஒரு முஃமின் பேசுகிறார். எனினும் அதனால் காப்பியத்துக்கு ஒரு பயன் விளைகிறது. விலங்கு காத்த வாக்கைக் கண்டு மனிதனாகிய வேடன் நாணுகிறான். உயிரியல் உண்மையில் புலவர் தவறினார்; வேடனின் உள்ளத்தைத் திறப்பதில் தவறவில்லை.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ராவின் இக்வானுஸ் ஸஃபா குழுவினர் எழுதிய நிருபமொன்றில், விலங்குகள் மனிதர்மீது ஜின்களின் அரசனிடம் வழக்குத் தொடுக்கின்றன. அழகிலும் அறிவிலும் தொழில்திறத்திலும் தாமே உயர்ந்தோர் என மனிதர் அடுக்கிய சான்றுகளை அவை ஒவ்வொன்றாக முறியடிக்கின்றன. இறுதியில் மனிதர் பக்கம் தீர்ப்பாவது, மறுமை வாழ்வும் இறைநேசர்களும் அவர்களிடையே உண்டு என்பதனாலேயே. உணர்வு நமக்கு மட்டும் உண்டு என்பதனாலன்று.

மேற்கே பதினேழாம் நூற்றாண்டில் டெக்கார்ட் விலங்கை இயந்திரமென்றார். அக்கருத்து நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1974இல் தாமஸ் நேகல் என்னும் தத்துவ அறிஞர், வௌவாலாக இருப்பது வௌவாலுக்கு எப்படியிருக்கும் என்று கேட்டார். வெளியிலிருந்து எத்தனை அளந்தாலும் அவ்வுள்ளனுபவம் நம் அளவுகோலுக்குள் அடங்காது என்றார். 2012இல் கேம்பிரிட்ஜில் கூடிய நரம்பியல் அறிஞர்கள், உணர்வைத் தோற்றுவிக்கும் நரம்பமைப்பு பாலூட்டிகளிடத்தும் பறவைகளிடத்தும் உண்டெனப் பறைசாற்றினர். எண்காலியாகிய ஆக்டோபசையும் உடன் சேர்த்தனர். 2024இல் நியூயார்க்கில் வெளியான பிரகடனம், முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும், பூச்சிகள் உள்ளிட்ட பிறவற்றுக்குங்கூட, உணர்வு இருக்கக்கூடும் என்றது. திருமறையை மெய்ப்பிக்க ஆய்வுக்கூடம் வேண்டுமென யாம் கூறவில்லை. எறும்பின் எச்சரிக்கையைத் தினமும் ஓதும் நாம், அதன் பொருளை ஓதாமல் விட்டோமே என்பதே எமது கவலை.

விலங்குக்கு உணர்வுண்டெனின் அறுத்தலாகாது, தோல்தொழில் கூடாது என்ற முடிவுக்கு வரவேண்டுமோ என்று சிலர் அஞ்சுவர். அவ்வாறன்று. இறைவன் அனுமதித்ததை விலக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் அனுமதியோடு நிபந்தனையும் வந்தது. கத்தியைத் தீட்டிக்கொள்க, அறுபடுவதற்கு எளிதாக்குக என்ற கட்டளை ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. கொம்பற்ற ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடம் மறுமையில் கணக்குத் தீர்க்கப்படும் என்ற செய்தியும் அங்கே உள்ளது. ஆட்டுக்கு ஆடு இழைத்ததே அங்கு மறக்கப்படவில்லையெனின், ஆட்டுக்கு மனிதன் இழைத்தது மறக்கப்படுமா? கல்லுக்கு இத்தகைய சட்டம் இல்லை. உணரும் உயிருக்கே உண்டு.

மாணவனிடம் யாம் கூறியது இதுவே: "தம்பி, நாளை என்பது அதற்கில்லை. இன்றைய பசியும் தாகமும் அச்சமும் அதற்கு உண்டு. நாளையை அறிந்தவன் நீ. ஆகவே கணக்கும் உன்னிடமே." அவன் சற்று நின்றான். பிறகு உள்ளே ஓடி ஒரு வாளித் தண்ணீர் கொணர்ந்து வைத்தான். மறுநாள் கத்தி தீட்டும் வேளையில் ஆட்டைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்தியவனும் அவனே.

லாரிகளில் நெருக்கியடித்து வரும் கால்நடைகளைக் காணும் நம் வணிகப் பெருமக்களும், அறுக்கும் கரங்களும், உமறுவின் பிணைமானை ஒருமுறை நினைவுகூர்வார்களாக! வல்ல நாயன் நமக்கு இரக்கமுள்ள நெஞ்சை அருள்வானாக! ஆமீன்.