ஒரு ஷில்லிங் காட்சி

ஓவியக்கலை அரண்மனைச் சுவரை விட்டிறங்கிப் பொதுமக்கள் முன் வந்து நின்றது பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பெருமைகளுள் ஒன்று என்பர் கலை வரலாற்றாசிரியர். கூற்றில் உண்மை உண்டு. 1760-ஆம் ஆண்டில் லண்டன் ஓவியர்கள் ஒன்றுகூடித் தம் படைப்புகளைப் பொதுக் காட்சிக்கு வைத்தனர். 1768-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஆதரவில் ராயல் அகாடமி தோன்றியது. மறு ஆண்டு முதல் அதன் ஆண்டுக் கண்காட்சிகள் தொடங்கின. பிரபுவும் வணிகரும் ஒரே கூடத்தில் நின்று ஒரே படத்தைக் கண்டனர். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். தகாதோர் வந்து கூடத்தை நிறைத்துவிடாதிருக்கவே கட்டணம் என்று அகாடமியே தன் முதற் கண்காட்சிப் பட்டியலில் அறிவித்தது. ‘பொது’ என்ற சொல்லுக்கு அன்றே வேலி இருந்தது.

எனினும், உள்ளே சென்றவர் யார் என்பதினும் அவர்களுக்குக் காட்டப்பட்டது எது என்பதே நாம் எழுப்பும் வினா.

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியை இழந்தார். மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய் செலுத்தவும் இசைந்தார். பாரமகாலோடு சேலமும் நாமக்கல்லும் சங்ககிரியும் கும்பெனியார் வசமாயின. அயோத்தியாப்பட்டணத்தில் வாழும் நமக்கு இது அயல்நாட்டு வரலாறன்று. நம் மண் கைமாறிய வரலாறு. உடன்படிக்கைக்குப் பிணையாகச் சுல்தானின் மக்கள் அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் இரு சிறுவர் அதற்கு முன்பே, பிப்ரவரியில், காரன்வாலிஸிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தனர். 1794-இல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினர்.

இந்நிகழ்ச்சியை ராபர்ட் ஹோம் பெரிய ஓவியமாகத் தீட்டினார். 1797-இல் அது ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தது. ஹோம் கைத்திறம் மிக்கவர். படையோடு உடன் வந்தவர். கண்டதற்குச் சாட்சி போலப் படத்தின் ஓரத்தில் தம்மையும் வரைந்துகொண்டார். ஆனால், கண்கண்ட சாட்சியும் சொல்லாது விடுவது உண்டு. படத்தில் காரன்வாலிஸ் சிறுவரைப் பரிவுடன் வரவேற்கிறார். அவர் தந்தையாகவே தோன்றுகிறார். பெற்ற தந்தையோ படத்தில் இல்லை. பிணைப்பணமும் பறிபோன நாடும் இல்லை. ஷில்லிங் கொடுத்து நுழைந்தவர் தம் தேசத்தின் கருணையைக் கண்டு மகிழ்ந்து வீடு திரும்ப வழி செய்தது அந்த ஓவியம்.

கண்டவர் நிலை இதுவானால், காணாதவரைப் பற்றி என் சொல்வது! மேதர் பிரவுன் என்பவர் இந்திய மண்ணை மிதியாமலே, அந்தச் சிறுவர் அந்தப்புரத்தில் விடைபெறும் காட்சியைத் தீட்டினார். 1799 மே 4-ஆம் நாள் சுல்தான் ஷஹீதானார். மறு ஆண்டே ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளைஞர் சீரங்கப்பட்டண வீழ்ச்சியைச் சுமார் 120 அடி நீளத் திரையில் ஆறே வாரத்தில் தீட்டி, லண்டன் லைசியம் அரங்கில் காட்சிக்கு வைத்தார். அவரும் போர்க்களத்தைக் கண்டவரல்லர். மக்கள் திரண்டு வந்து கண்டனர். ஒரு மன்னரின் மரணம் ஊரார் பொழுதுபோக்காயிற்று.

நடுநிலை தவறாது ஒன்று கூறவேண்டும். வெற்றியைச் சுவரில் எழுதி மகிழ்ந்தவர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்ததைத் திப்புவும் தம் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டுவித்தார். பின்னர் திருத்தி எழுதப்பட்டாலும் அச்சித்திரம் இன்றும் அங்கே உள்ளது. அதிலும் வென்றவர் பக்கமே ஒளி மிகுதி. ஆயினும் அது ஒரு மன்னரின் மாளிகைச் சுவர் என்பதைக் காண்பவர் அறிவர். கண்காட்சிக் கூடமோ தன்னை எவர் சார்பும் இல்லாத கலைக்கூடமாகக் காட்டிக்கொண்டது. அதன் ஆற்றலும் ஆபத்தும் அங்கேதான்.

ஹோமின் ஓவியம் இன்று லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அச்சுப் படிகளைப் பாடநூல்களிலும் வரலாற்று நூல்களிலும் நம் பிள்ளைகள் காணக்கூடும். வந்த செய்தியைத் தீர விசாரித்தறியும் கடமையைத் திருமறை நமக்கு விதித்துள்ளது. ஓவியமும் ஒரு செய்தியே. இதை வரைவித்தவர் யார், விற்றவர் யார், இதில் இடம்பெறாதவர் யார் எனக் கேட்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். கலையைப் பழிப்பதற்காகவன்று, அதைக் கண் திறந்து காண்பதற்காக.