கோப்பை என்பது ஓர் அலகா?

அண்மையில் வார இதழ் ஒன்றின் சமையல் பக்கத்தில் கேக் செய்முறை ஒன்றைப் படிக்க நேர்ந்தது. மைதா இரண்டு கப், வெண்ணெய் 113 கிராம், முட்டை மூன்று, ஓவனை 350 டிகிரிக்குச் சூடாக்கி வைக்கவும் என்று கண்டிருந்தது. இயற்பியல் ஆசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். 350 டிகிரி என்றால் எந்த டிகிரி என்பதுதான் என் கேள்வி. நம் கடைகளில் கிடைக்கும் வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் செல்சியஸில் குறிக்கப்பட்டவை. 250க்கு மேல் அவற்றில் கோடே இராது. எழுதியவர் கருதியது 350 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 177 செல்சியஸ். படித்தவர் குமிழைக் கடைசி வரை திருப்பினால் கேக் கரியாகும். பழியோ சமைத்தவர் தலையில் விழும்.

113 கிராம் என்ற விசித்திரமான எண்ணும் அதே ஊரிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் வெண்ணெயைக் கால் இராத்தல் கட்டிகளாக விற்பார்கள்; கால் இராத்தல் 113 கிராம். ஆக, வெண்ணெய்க்கு மெட்ரிக் வேடம் கட்டியாயிற்று, டிகிரிக்குக் கட்ட மறந்துவிட்டார்கள். அலகு எழுதாத விடைக்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மதிப்பெண் தருவதில்லை. அச்சில் ஏறும் செய்முறைக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை?

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியது. 1958 அக்டோபரில் தொடங்கிக் கட்டம் கட்டமாகச் சேரும் வீசையும் பலமும் கடைத்தெருவை விட்டுப் போயின. வெளிநாட்டுக் குறிப்புகளைப் பெயர்த்து எழுதுவோர் வேறொரு பழைய முறையைக் கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவருகிறார்கள். அந்த முறைக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. பிரிட்டிஷ் பைண்ட் 568 மில்லிலிட்டர், அமெரிக்கப் பைண்ட் 473. அவுன்ஸ் என்ற ஒரே சொல் எடைக்கும் உண்டு, திரவத்தின் பருமனுக்கும் உண்டு.

அப்படியானால் எல்லாவற்றையும் மெட்ரிக்கில் மாற்றி எழுதிவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஒப்பவில்லை. அமெரிக்கக் கோப்பை 237 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியக் கோப்பை 250, ஜப்பானியக் கோப்பை 200. சோறு வடிக்கும் மின்சாரப் பாத்திரங்கள் சிலவற்றுடன் வரும் கோப்பையோ 180. இவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும் மைதாவின் சிக்கல் தீராது. மாவைக் கரண்டியால் மெல்லத் தூவி அமெரிக்கக் கோப்பையை நிரப்பித் தலை தட்டினால் ஏறத்தாழ 120 கிராம் வரும். கோப்பையையே மாவுக்குள் விட்டு அள்ளிக் குலுக்கினால் 150 கிராம் வரை பிடிக்கும். கோப்பை ஒன்று, மாவு ஒன்று, வேறுபாடு கால் பங்கு! இடைவெளியில் இருக்கும் காற்றின் அளவு மாறுவதே காரணம். ‘மைதா 236.6 மி.லி.’ என்று எழுதுவதால் அந்தக் காற்று ஓடிவிடுமா? கலகம் பருமனுக்கும் நிறைக்கும் இடையே நடக்கிறது; நாம் மெட்ரிக்கையும் பிரிட்டிஷ் முறையையும் நடுவே நிறுத்திச் சண்டை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் பாட்டிமார் ஆழாக்கில் அளந்து அருமையாகச் சமைத்தார்களே என்பீர்கள். உண்மைதான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது வாய்பாடு. ஆனால் படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. அப்படியிருந்தும் இட்லி கெடவில்லை. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது விகிதம். தொகுதியிலும் பகுதியிலும் அதே ஆழாக்கு இருப்பதால் அதன் அளவு அடிபட்டுப் போகிறது. கேக்கில் இந்த வித்தை செல்லாது. கோப்பை பெரிதானால் மாவு கூடும். மூன்று முட்டை மூன்றாகவே இருக்கும், வெண்ணெய் 113 கிராமாகவே இருக்கும். விகிதம் அங்கே உடைந்துவிடுகிறது.

கேக் கெட்டால் காசோடு போயிற்று. கரண்டி விஷயம் அப்படியன்று. தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. நம் குறிப்புகளில் வெறுமனே ‘ஸ்பூன்’ என்றே எழுதுகிறார்கள். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு வீட்டில் தயாரிக்கும் கரைசலுக்கு, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், எல்லாம் தலை தட்டி, சேர்க்க வேண்டும். இதையும் ‘அரை ஸ்பூன்’ என்று அச்சிட்டு, தாய் பெரிய கரண்டியை எடுத்துவிட்டால் உப்பு மூன்று மடங்காகும். அது குழந்தைக்கு ஆபத்து. கரண்டியின் பெயரை முழுதாக எழுத ஒரு வரி கூட அதிகம் பிடிக்காது.

இனிக் கடைப் பொட்டலத்துக்கு வருவோம். இங்கே அலகுகள் சுத்தமான மெட்ரிக். இருந்தும் கண்கட்டு உண்டு. எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 செல்சியஸில் 919 கிராம்; 60 செல்சியஸில் 892.6 கிராம். பையின் மேல் ‘60 டிகிரியில் 1 லிட்டர்’ என்று போட்டுக்கொண்டால் 26 கிராம் குறைத்து அடைக்கலாம். நம் சமையலறை எந்தக் கோடையில் 60 டிகிரியைத் தொட்டது? 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் பருமனை எழுதுமாறும் உடன் எடையையும் எழுதுமாறும் எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல காரியம். எடையை மட்டும் எழுதினால் போதும் என்றிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கிராமுக்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

எண்ணெய் உள்ளிட்ட பண்டங்களை இன்ன இன்ன அளவுகளில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த அட்டவணையை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது. அதனால் ஒரு லிட்டர் பையைப் போலவே தோன்றும் சற்றுக் குறைந்த பைகளையும் இப்போது அடைத்து விற்கலாம். ஈடாக, ஒரு கிராமுக்கோ மில்லிலிட்டருக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. இரு பைகளை ஒப்பிட அந்த ஓர் எண் போதும். என் வீட்டுப் பையில் அதைத் தேடினேன். பெயர் முன்பக்கம் கட்டை விரல் உயரத்தில் இருந்தது. அலகு விலை பின்பக்கம் மடிப்பின் ஓரத்தில், எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் கிடைத்தது. படிக்க ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.