ஆளில்லாக் கடையும் அழும் பாவையும்

ஜொகூர் பாரு நகரத்துப் பேரங்காடிகள் பலவற்றுள் இன்று புகுவார் ஒரு மாறுதலைக் காண்பர். காசாளர் வீற்றிருந்த வரிசையிலே சில இடங்களில் ஆள் இல்லை. அவ்விடங்களில் ஒளித்திரையுடன் கூடிய பொறிகள் நிற்கின்றன. பொருள் வாங்க வந்தவரே பொருளின் பட்டைக் குறியீட்டைப் பொறிக்குக் காட்ட வேண்டும். அவரே பையில் இட வேண்டும். அட்டையாலோ கைப்பேசியாலோ பணத்தையும் அவரே செலுத்த வேண்டும். சுயசேவைக் கட்டண முகப்பு என்பது இதன் பெயர். இதனினும் ஒரு படி மேற்சென்று, காசாளரே இல்லாத கடைகளும் தோன்றின. கடற்பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலே, நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் 2017 ஆம் ஆண்டு சியர்ஸ் நிறுவனம் அத்தகைய கடை ஒன்றைத் திறந்தது.

இப்பொறிகளைப் பற்றிப் பொருள் வாங்குவோரிடையே வழங்கும் கருத்துகளை இரு சாராருடையனவாகப் பகுக்கலாம். முதற் சாரார் இவற்றை வரவேற்போர். நாள்தோறும் எல்லை கடந்து சென்று உழைத்து, இரவில் வீடு திரும்பும் தொழிலாளிக்கு ஒரு ரொட்டியும் ஒரு பால் பெட்டியும் வாங்க நீண்ட வரிசையில் நிற்றல் பெருந்துன்பம். தாம் வாங்குவது இன்னதெனப் பிறர் அறிய நாணுவோர் உண்டு. அயல்மொழியில் உரையாடத் தயங்குவோரும் உண்டு. இவர்கட்கெல்லாம் பேசாப் பொறி ஒரு புகலிடம். சிங்கப்பூரில் ஊதியம் மிகுதியாதலின் ஜொகூரிலே கடைப்பணிக்கு ஆள் கிடைத்தல் அரிது என்று கடை நடத்துவோர் கூறுவதும் புறந்தள்ளத்தக்கதன்று.

மற்றைச் சாரார் இவற்றை வெறுப்போர். நெடுங்காலம் பால்மரம் வெட்டி ஓய்ந்த மூதாட்டி ஒருவர் கூலாயிலோ குளுவாங்கிலோ பேரங்காடிக்குச் சென்றால் திரையிலே பெரும்பாலும் மலாயும் ஆங்கிலமுமே தோன்றுகின்றன. அவர் எழுத்தறிந்த மொழியோ தமிழ். அவர் கையிலிருப்பது ரொக்கம். பொறி கேட்பதோ அட்டை. பையைச் சற்றே நகர்த்தினால் சிவப்பு விளக்கு எரிகின்றது. சுற்றி நிற்போர் திரும்பிப் பார்க்கின்றனர். களவு செய்யாதவர் களவு செய்தவர்போல் கூசி நிற்க நேர்கின்றது. “வேலையை நாம் செய்கின்றோம், விலை மட்டும் குறையவில்லையே” என்னும் குறையும் இச்சாராரிடமிருந்தே எழுகின்றது.

இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் விரைவு, வசதி, பழக்கம் என்பனவற்றோடு ஆராய்ச்சி நின்றுவிடின், அடிப்படையான வினா ஒன்று கேட்கப்படாமலே போகும். கடையில் ஆள் இல்லாதபோது யார் யாரைக் காவல் செய்கின்றார்? யார் யாருக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்? இவ்வினாவுக்கு விடை காணப் பழைய இலக்கியமும் துணை செய்யும். அதனைப் பிழைபடக் கொள்ளாத வரையில்.

வெள்ளிடை மன்றம்

தமிழ் கற்றோர் உள்ளத்திலே எளிதில் எழக்கூடிய பெருமித எண்ணம் ஒன்று உண்டு. ஆளில்லாக் கடை தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரம் கூறும் வெள்ளிடை மன்றம் அதுவேயன்றோ என்பது அவ்வெண்ணம். இந்திரவிழவூரெடுத்த காதையிலே புகார் நகரத்து ஐவகை மன்றங்களுள் முதலாவதாக இது பேசப்படுகின்றது. புதியவராய் வந்த வணிகரின் பொதிகள் பெயரும் அடையாள எழுத்தும் பொறிக்கப்பெற்று அங்கே கிடந்தன. வாயிற் காவலும் இல்லை, பூட்டும் இல்லை, உடையவரும் அருகில் இல்லை. பொதியின்மேல் இட்ட குறி இன்றைய பட்டைக் குறியீட்டையே நினைவூட்டும்.

ஆனால் பாட்டை முழுதும் கற்பார்க்கு வேற்றுமை விளங்கும். அம்மன்றம் விற்பனைக் கடை அன்று; பண்டம் கிடந்த வெளியிடம். காவலாளி இல்லை என்பதனால் காவல் இல்லை என்று கொள்ளுதலும் பொருந்தாது. களவு செய்வார் உளராயின், அவர் திருடிய சுமையையே அவர் தலையில் ஏற்றிச் சுற்றிச் சுற்றி அலைய வைக்கும் ஆற்றல் அம்மன்றத்துக்கு இருந்தது என்கின்றார் இளங்கோவடிகள். களவை நினைத்தாரும் நடுங்குவர். எனவே அங்கே காவல் புரிந்தது அச்சம். மக்கள் எல்லாரும் நல்லவர் என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் ஆசிரியர்க்கு அழகன்று. கண்ணுக்குப் புலனாகாத காவல் எத்துணை வலிது என்பதற்கே இது சான்றாகும்.

நம்பிக்கை நடத்தும் கடைகள்

அச்சமின்றி நம்பிக்கையையே காவலாகக் கொண்ட கடைகளைக் காண இக்காலத்தையே நோக்க வேண்டும். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில், காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2 அன்று, ரோட்டரி சங்கத்தினர் பேருந்து நிலையத்தில் ‘ஆளில்லாக் கடை’ என்னும் பெயராலேயே ஒரு கடையைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்துள்ளனர். பொருள்களின் விலை எழுதப்பட்டிருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, உரிய பணத்தைப் பெட்டியில் இட்டுச் செல்ல வேண்டும். இந்தியாவின் வடகிழக்கிலுள்ள மிசோரம் மாநிலத்தில் செலிங் என்னும் ஊரையடுத்த நெடுஞ்சாலையோரத்திலும் இத்தகைய சிறு குடில்கள் உள்ளன. உழவர் காய்கனிகளை வைத்து, விலை எழுதித் தொங்கவிட்டு, பணத்துக்கு ஒரு கலத்தையும் வைத்துவிட்டுத் தம் காட்டு நிலத்துக்குச் செல்கின்றனர். கடையில் அமர ஓர் ஆளை ஒதுக்கும் வளம் அவர்கட்கில்லை.

இவ்விரண்டிடத்தும் கடைக்காரர் முதலில் தம்மை இழப்புக்கு உட்படுத்திக்கொள்கின்றார். அதன் பின்னரே வாங்குபவரின் நேர்மையை எதிர்பார்க்கின்றார். நம்பிக்கை என்பது இருவரும் பங்கு கொள்ளும் ஒரு செயலாகின்றது.

தோட்டத்துக் கடையும் ‘555’ புத்தகமும்

இனி, ஜொகூர் மாநிலத் தோட்டங்களிலே பல தலைமுறையினர் அறிந்த கடையையும் எண்ணிப் பார்த்தல் தகும். அங்கே ஆளும் உண்டு, கடனும் உண்டு. ‘555’ என்னும் எண் பொறித்த சிறு புத்தகத்திலே அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் குறிக்கப்பெறும். சம்பள நாளன்று கணக்குத் தீரும். அல்லது, தீராது நீளும். பழைய கடையைப் பொன்னுலகமாகப் போற்றுவார் இதனை மறத்தலாகாது. கடனிலே அகப்பட்ட குடும்பங்கள் உண்டு. எழுதத் தெரியாதவர் கணக்கில் ஒன்று இரண்டான கதைகளும் உண்டு. கடைக்காரர் முகம் தெரிந்தவர் என்பதனாலேயே அவர் தராசு நேராகிவிடாது.

ஆயினும் அக்கடையிலே ஒரு சமன் இருந்தது. வாங்குபவரைக் கடைக்காரர் ஐயுற்றால், கடைக்காரரை வாங்குபவரும் ஐயுறலாம். தராசு இருவர் கண்ணெதிரிலும் தொங்கியது. “முள் நிற்கட்டும்” என்று சொல்ல ஒரு தாய்க்கு வாய் இருந்தது. அச்சொல்லைக் கேட்க ஒரு காதும் எதிரே இருந்தது. மலேசியாவில் 1972 ஆம் ஆண்டின் நிறைகள், அளவைகள் சட்டம் வாணிபத் தராசுகளைச் சரிபார்க்க வகை செய்தது. அதன் உட்கருத்தும் இதுவே: ஐயம் விற்பவர் மீதும் விழுதல் வேண்டும்.

பொறியின் ஐயம்

கடையின் வரலாற்றை நோக்கின், பணியாளரின் வேலை சிறிது சிறிதாக விலகியமை தெரியவரும். 1916 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பார் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து, வாங்குபவரே கூடையுடன் நடந்து பொருளை எடுக்கும் முறையை ஏற்படுத்தினார். பணியாளரின் நடை அன்று வாங்குபவருடையதாயிற்று. 1974 இல் ஒகையோ மாநிலத்து டிராய் நகரில் பட்டைக் குறியீடு இட்ட மெல்லும் பசைப் பொட்டலம் ஒன்று கடையிலே முதன்முறை பொறியால் படிக்கப்பெற்றது. விலையை நினைவில் வைக்கும் தேவை அதனோடு குறைந்தது. 1986 இல் அட்லாண்டா நகரருகே சுயசேவை முகப்பு தோன்ற, காசாளரின் கைவேலையும் வாங்குபவரிடம் வந்தது.

2018 இல் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் பொதுமக்களுக்குத் திறந்த கடையிலே முகப்பும் மறைந்தது; கூரையிலிருந்த ஒளிப்படக் கருவிகளும் தட்டுகளிலிருந்த உணர்கருவிகளும், யார் எதனை எடுத்தார் என்று கணக்கிட்டன. 2024 ஏப்ரலில் அந்நிறுவனம் அமெரிக்காவிலுள்ள தன் பெரிய மளிகைக் கடைகளிலிருந்து இம்முறையை விலக்க முடிவு செய்தது. கடையில் எடுத்த காணொளிகளை இந்தியாவிலிருந்து பலர் பார்த்துச் சரிசெய்து வந்தனர் என்ற செய்தி அக்காலத்தில் பரவியது. செய்தி மிகைப்பட்டது என்று நிறுவனம் மறுத்தது. சிறு பகுதியை மனிதர் சரிபார்த்தமையை அது மறுக்கவில்லை. ஆக, ஆளில்லாக் கடையிலும் ஆள் இருந்தார். வாங்குபவர் பேச முடியாத தொலைவிலே இருந்தார்.

சுயசேவைப் பொறியின் செயலும் இங்கே கருதத்தக்கது. பொறிகள் பலவற்றுள் ஒவ்வொரு பொருளின் எடையும் முன்னரே பதியப்பெற்றிருக்கும். பையில் இட்ட பொருளின் எடை அதனோடு ஒவ்வாவிடின் பொறி நின்றுவிடும். வாங்குபவர் தவறினால் உடனே விளக்கு எரிகின்றது. ஆனால் தட்டிலே எழுதிய விலை ஒன்று, பொறி கணக்கிட்ட விலை வேறொன்று என்றால் எந்த விளக்கும் எரிவதில்லை. தள்ளுபடி என்று அறிவித்த பொருளுக்கு முழு விலை விழுந்தாலும் பொறி வாளாவிருக்கும். அதனைக் கண்டுபிடிக்கும் வேலையும் வாங்குபவர் தலையிலேயே விழுகின்றது. ஐயம் இங்கே ஒருவழிப் பாதையாகிவிட்டது. காசாளரின் புன்னகை போயிற்றே என்று வருந்துவோர் சிறிய இழப்புக்கே வருந்துகின்றனர். விடை சொல்லக் கடமைப்பட்ட மனிதர் போனமையே பெரிய இழப்பு.

அழும் பாவை

மீண்டும் இளங்கோவடிகளிடம் செல்லலாம். வெள்ளிடை மன்றத்தைப் பாடிய அதே காதையில் அவர் பாவை மன்றத்தையும் பாடுகின்றார். அரசன் முறை தவறினாலும், அறம் உரைக்கும் அவையிலே நடுநிலை பிறழ்ந்தாலும், அங்குள்ள பாவை வாய் திறந்து பேசாது. கண்ணீர் உகுத்து நிற்கும். களவாடும் எளியவனைப் பிடிக்க ஒரு மன்றம் அமைத்த கவிஞர், முறை தவறும் வலியவனைக் காட்டிக்கொடுக்கவும் ஒரு மன்றம் அமைத்தார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே முறையான படிப்பு. இன்றைய பேரங்காடி வெள்ளிடை மன்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பாவை மன்றத்தை விட்டுவிட்டது.

பட்டினப்பாலையிலே உருத்திரங்கண்ணனார் காட்டும் புகார் வணிகரும் இக்கருத்துக்கே அரண் செய்கின்றனர். தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகக் கருதி, உரியதற்கு மேல் பெறாமலும், உரியதிற் குறைத்துத் தராமலும் வாணிபம் செய்தோர் அவர். திருவள்ளுவரும் வாணிகரின் அறத்தை நடுவு நிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறளிலே வைத்தார். வாணிபத்தின் அறம் நடுவில் நிற்றல் என்றால், நிற்பதற்கு ஒருவர் வேண்டுமன்றோ? பொறியை நடுவுநிலை உடையது என்று சொல்லுதல் பொருந்தாது. அதனை நிறுவியவர் பக்கமே அது நிற்கின்றது.

இதனால் பொறிகளை உடைத்தெறிய வேண்டும் என்பது முடிபன்று. விரைவு வேண்டுவோர்க்கு விரைவு கிடைக்கட்டும். ஆனால் ஆள் அமர்ந்த முகப்பு ஒன்றேனும் எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும், ரொக்கம் மறுக்கப்படலாகாது, பணம் செலுத்துமுன் ஒவ்வொரு விலையும் தெளிவாகத் தோன்ற வேண்டும், தமிழர் மிகுதியாக வாங்கும் கடைகளில் திரையிலே தமிழும் இடம்பெற வேண்டும். இவை நடவாத கனவுகள் அல்ல. இங்கிலாந்தில் பூத்ஸ் என்னும் அங்காடி நிறுவனம் 2023 இல் தன் கடைகளுள் இரண்டு நீங்கலாக மற்றவற்றிலிருந்து சுயசேவைப் பொறிகளை அகற்ற முடிவு செய்தது. நெதர்லாந்தில் யூம்போ என்னும் நிறுவனம் 2019 இல், விரையாது உரையாட விரும்புவோர்க்கெனவே ஒரு முகப்பைத் தொடங்கிப் பின்னர்ப் பல கடைகளுக்கும் விரித்தது. கேட்ட இடத்தில் கிடைத்தது.

கேட்கும் பழக்கம் பிள்ளைப் பருவத்திலேயே வர வேண்டும். தோட்டத்துச் சிறுவன் பத்து வெள்ளியுடன் கடைக்கு அனுப்பப்பட்ட காலத்தில் கூட்டலும் கழித்தலும் மட்டுமா கற்றான்? பெரியவர் ஒருவர் முகத்தை நோக்கி, “மீதி இருபது காசு குறைகின்றதே” என்று பணிவோடும் துணிவோடும் சொல்லக் கற்றான். ஆசிரியர்கள் பணக் கணக்கை நடத்தும் நாளிலே கடைச்சீட்டு ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, வரி வரியாகச் சரிபார்க்கச் செய்தல் நலம். பேசாப் பொறியின் முன்னே அழப் பாவை இல்லை. பிழையைக் கண்டு சொல்லும் பிள்ளைகளாவது இருத்தல் வேண்டும்.